கிண்டிக்கும் அரூருக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பரீட்சை வைக்கிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள், பட்டம் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலை நேரத்தில் டாக்டரே இருப்பதில்லை. அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்தால் எங்களுக்கு என்ன பயன்?
(ஒரு வாசகி, அரூர், தர்மபுரி மாவட்டம்)

பதில்: கோபம் நியாயமானதுதான், ஆனால் ஆளை மாற்றிக் கோபப்படுகிறீர்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது, தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கையில், மாத்திரை வாங்கி அனுப்புவது மருத்துவப் பணிகள் கழகம், டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். இந்த வரிசையில் பல்கலைக்கழகம் வராது.

ஆனால் "பரீட்சை வைக்கிறார்கள்" என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். 1987-ல் சட்டம் போட்டு 1988-ல் இந்தப் பல்கலைக்கழகம் வேலையைத் தொடங்கும்வரை, 1835-ல் பிறந்த சென்னை மருத்துவக் கல்லூரி உட்பட நம் மருத்துவக் கல்லூரிகள், பி.ஏ., பி.காம். நடத்திய பொதுப் பல்கலைக்கழகங்களின் கீழ்தான் இருந்தன. இன்று அரசுக் கல்லூரிகளிலிருந்து வேலூர் சி.எம்.சி. வரை (நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நீங்கலாக) ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. அந்தத் தேர்வு எப்படி நடக்கும் தெரியுமா? வார்டில் படுத்திருக்கும் நோயாளி ஒருவரை 'லாங் கேஸ்' என்று மாணவருக்குக் கொடுப்பார்கள். மாணவர் உட்கார்ந்து நோயின் கதையைக் கேட்க வேண்டும், எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன வேலை, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று. வயிற்றைத் தொட்டு, தட்டி, ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். மண்ணீரல் வீங்கியிருப்பதைக் கை கண்டுபிடிக்காவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். அரூரில் உங்கள் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் கை அப்படி ஒரு கட்டிலருகில் சோதிக்கப்பட்ட கையாக இருக்க வேண்டும். டாக்டர் மட்டுமல்ல, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., பிசியோதெரபி படித்து வருகிறவர்களில் பெரும்பகுதிக்கும் இதே பல்கலைக்கழகம்தான் பட்டம் தருகிறது. இங்கே தேர்வு தளர்ந்தால் மாநிலம் முழுக்க அதன் விளைவு தெரியும். அதனால்தான் இதை நான் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

உங்கள் ஊருக்கு டாக்டர் வருவதற்கே இன்னொரு காரணம் உண்டு. மேற்படிப்பு இடங்களில் ஒரு பங்கு அரசு டாக்டர்களுக்கு. மலையிலும் எட்டாத ஊர்களிலும் வேலை பார்த்தால் கூடுதல் மதிப்பெண். எம்.டி. படிக்கும் ஆசையில் கிராமத்துக்குப் போன டாக்டர்கள் நம் மாநிலத்தில் ஏராளம், அதில் எந்தத் தவறும் இல்லை. மத்திய விதிகளைக் காட்டி இந்த ஒதுக்கீட்டில் கைவைத்தபோது அரசு டாக்டர்கள் வழக்கு நடத்தினார்கள். மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்த வழக்கு தோற்றிருந்தால் முதலில் அடி வாங்கியிருப்பது உங்கள் ஊர் போன்ற ஊர்கள்தான்.

சரி, பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதித் தர வேண்டும். பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், கர்ப்பிணிகளின் ரத்தசோகை, சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் என்று, அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் நம் ஜனங்கள் என்னென்ன நோயோடு வந்து படுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. வருஷா வருஷம் குவிகிறது. இணையத்திலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் தர்மபுரி மாவட்டத்து ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் படித்து, இந்தப் பக்கம் பாம்புக்கடிக்கு மக்கள் தாமதமாக வருவது ஏன், எந்த சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து கூடுதலாக வேண்டும் என்று நாலு பக்கத்தில் தமிழில் எழுதி மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டாமா? மாநிலம் முழுக்கக் கல்லூரிகளை வைத்திருக்கும் இந்தப் பல்கலைக்கழகம் செய்யாமல் வேறு யார் செய்வது? அந்த ஆய்வுகளுக்குத் தன் உடம்பைக் காட்டியவர் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மாவாக இருக்கலாம். அவருக்கு அதிலிருந்து ஏதாவது திரும்பி வர வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வை நாடு முழுக்க ஒன்றாக்கும் 'நெக்ஸ்ட்' தேர்வு, 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. 2023-ல் தள்ளித்தான் வைத்தார்கள். இங்கே என்ன நோய், எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் கிண்டியிலிருந்து டெல்லிக்குப் போவதை நான் எதிர்க்கிறேன்.

உங்கள் மாலை நேர டாக்டர் விஷயத்துக்கு, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், மாவட்ட சுகாதார அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். டாக்டர் எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு இல்லை என்று குறித்து எழுதுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.