வீட்டில் பதிவு செய்த பாட்டு ஏன் சத்தம் குறைவாகவே கேட்கிறது?

வியாசர்பாடியில் வீட்டிலேயே கானா பதிவு செய்கிறேன், லிமிட்டரை (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் அமுக்கிப் பிடிக்கும் கருவி) எவ்வளவு ஏற்றினாலும் சினிமாப் பாட்டு அளவுக்குச் சத்தம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ராயபுரத்தில் ஒரு சின்ன அறையில் நானும் இதே பாடுதான் பட்டேன்.

கோளாறு பெரும்பாலும் மிக்ஸில்தான், அதாவது குரலையும் மேளத்தையும் கலக்கும் இடத்தில்தான் இருக்கும். என் பாட்டு ஒன்றில் சட்டி மேளத்தின் ஒவ்வொரு அடியும் குரலைவிட 8 டெசிபல் மேலே குத்திக்கொண்டு நின்றது. லிமிட்டர் அந்த அடியைப் பிடித்து அமுக்கும்போதெல்லாம் குரலும் சேர்ந்து உள்ளே போனது. மேளத்தின் டிராக்கில் மட்டும் ஒரு கிளிப்பர் (ஒலியின் உச்சியை மட்டும் வெட்டும் கருவி) போட்டு 3, 4 டெசிபல் சீவினேன். அடி மழுங்கவில்லை, மொத்தப் பாட்டும் தாராளமாக மேலே ஏறியது. அப்புறம், 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காத ஒலி அது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாடல்களை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டு மொத்தமாக எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) அளவுக்குச் சமன் செய்கிறது. மைனஸ் 7க்கு நசுக்கி அனுப்பினால் 7 டெசிபல் குறைத்துத்தான் ஒலிக்கும், நசுங்கியது நசுங்கியதுதான். கானாவுக்கு மைனஸ் 10 பக்கம் போதும் என்பது என் கருத்து. அந்த அளவுக்கு உரத்த பாட்டென்றால் ட்ரூ பீக்கை (ஒலி அலை உண்மையில் தொடும் உச்சத்தை) மைனஸ் 2 டெசிபலில் நிறுத்துங்கள்.

சினிமாப் பாட்டோடு ஒப்பிடும்போது அதன் சத்தத்தை உங்கள் பாட்டின் அளவுக்குக் குறைத்துக்கொண்டு கேளுங்கள். கடைசியாக, ஓடுகிற ஷேர் ஆட்டோவில் ஒருமுறை போடச் சொல்லிப் பாருங்கள். வரிகள் புரிந்தால் அனுப்பிவிடலாம்.