ஆண்மைக்குறைவு ஆபரேஷனுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் பணம் தருமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வயது 49. ஆறு ஏக்கரில் நெல், கூடவே ஒரு உரக்கடை. பத்து வருஷமாகச் சர்க்கரை. சில வருடங்களாக ஆண்மைக்குறைவு. மாத்திரை, ஊசி எதுவும் பலன் தரவில்லை. தஞ்சாவூரில் யூராலஜி டாக்டர், உள்ளே கருவி பொருத்தும் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். 2019-இல் எடுத்த 5 லட்ச ரூபாய் பாலிசியை இடைவிடாமல் புதுப்பித்து வருகிறேன். சர்க்கரை இருப்பதை அப்போதே சொல்லித்தான் எடுத்தேன். க்ளெய்ம் கிடைக்குமா? ஏஜென்ட் என் மச்சான். அவரிடம் இதை எப்படிக் கேட்பது? பெயர் வேண்டாம்.

பதில்: மச்சானிடம் கேட்க வேண்டியதே இல்லை. பதில் உங்கள் பாலிசி புத்தகத்தில் இருக்கிறது. விலக்குகள் (எதற்கெல்லாம் நிறுவனம் பணம் தராது என்ற) பட்டியலை எடுத்து, ஆண்மைக்குறைவைக் குறிக்கும் 'எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்', 'இம்பொடென்ஸ்', 'செக்ஸுவல் டிஸ்ஃபங்ஷன்' ஆகிய வார்த்தைகளில் ஏதாவது இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். இருந்தால் பணம் வராது. ஐந்து வருடம் தொடர்ந்து கட்டினால் எதற்கும் க்ளெய்மை மறுக்க முடியாது என்று ஊரில் பேசிக்கொள்வதை நம்ப வேண்டாம். 60 மாதம் கடந்தபின், நீங்கள் நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது, மோசடியை நிரூபித்தால் தவிர. அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. ஆனால் நிரந்தர விலக்கு நிரந்தர விலக்குதான்.

அந்த வார்த்தைகள் இல்லையென்றால் நிலைமை வேறு. சர்க்கரைக்கான காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத ஆரம்ப வருடங்கள்) உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அப்புறம் நிறுவனம் பிடித்துக்கொள்ளக்கூடியது, பெரும்பாலும், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லோருக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் 17-ஆவதான மலட்டுத்தன்மை. அதற்குள் கருத்தடை, செயற்கைக் கருத்தரிப்பு, வாடகைத்தாய், கருத்தடையை மாற்றும் ஆபரேஷன் ஆகியவை வரும். ஆண்மைக்குறைவு வராது. பிள்ளை பெற முடியாததும் விறைப்பு இல்லாததும் ஒன்றல்ல. இதைக் காட்டி மறுத்தால் விடாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எல்லாமே டாக்டர் எழுதிக்கொடுக்கும் சான்றிதழைப் பொறுத்தது. 'ஆண்மைக்குறைவு' என்று ஒற்றை வரியில் எழுதினால் ஆசைக்குச் செய்துகொள்ளும் ஆபரேஷன் மாதிரித் தெரியும். சர்க்கரையால் ரத்தக்குழாயும் நரம்பும் பாதிக்கப்பட்டதால் வந்த குறைபாடு, டாப்ளர் என்ற ரத்த ஓட்டப் பரிசோதனையில் தெரிந்தது இன்னது, எந்த மாத்திரை, ஊசி எவ்வளவு காலம் கொடுத்தும் பலனில்லை, ஆகவே இந்த ஆபரேஷன் மருத்துவ ரீதியாகத் தேவை என்று தேதிகளோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப்போட்டிருந்தால், ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து நகல் கேட்டு வாங்குங்கள்.

யாராவது, "ஹெர்னியா என்று போட்டு முடித்துவிடலாம் அண்ணே" என்று சொல்வார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அது மோசடி. 2019-இலிருந்து சேர்த்த பாதுகாப்பு மொத்தமும் போய், பாலிசியே ரத்தாகும். நாளைக்கு நெஞ்சுவலி என்று போகும்போது கையில் ஒன்றும் இருக்காது.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீட்டில் கருவியின் விலை தனியாக இருக்க வேண்டும், ஏனென்றால் பில்லின் பெரும்பகுதி அதுதான். வளையும் தண்டு வகை ஒன்று, பம்ப் வைத்தது ஒன்று. இரண்டாவது பல மடங்கு விலை. எந்த வகை, எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்காவிட்டால் வித்தியாசம் உங்கள் தலையில் விழும். ஆபரேஷன் முடிந்ததும் கருவிப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரையும் அதன் பில்லையும் கேட்டு வாங்குங்கள். க்ளெய்ம் ஃபைலில் அது இல்லையென்று திருப்பி அனுப்புவது சகஜம்.

ரகசியம் பற்றி ஒன்று. நம் பக்கத்தில் விண்ணப்பத்தை நிரப்புகிற ஏஜென்ட், அவசரத்தில் தன் செல்போன் எண்ணையே எழுதிவிடுவது உண்டு. அப்படியானால் நீங்கள் முன் அனுமதி கேட்ட செய்தி நேராக மச்சான் போனுக்குப் போகும். முதல் வேலையாக நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பேசி, யாருடைய எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, உங்களுடையதாக மாற்றுங்கள். பிறகு, மருத்துவ விவரங்களை வேறு யாருக்கும் தரக்கூடாது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். அதைச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும், பக்கத்துக் காரைக்காலுக்கும் அவர்தான். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

சரி, விலக்கில் பெயர் இருந்து எல்லாக் கதவும் மூடிவிட்டால்? இந்த ஒரு ஆபரேஷனுக்காகப் புதுப் பாலிசி எடுக்காதீர்கள். வட்டிக்கும் வாங்காதீர்கள். இது இன்றைக்கே செய்தாக வேண்டிய ஆபரேஷன் அல்ல. தை, மாசியில் சம்பா நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறும்போது ஒரு பகுதியை டெபாசிட்டில் போடுங்கள். ஜூனில் மேட்டூர் திறந்ததும் குறுவைக்கு வேண்டிய பணத்தையும், உரக்கடைக்குக் கொள்முதல் முதலையும் தொடாதீர்கள்.

காத்திருக்கும் மாதங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை கூடினால் கருவியில் தொற்று வரும் ஆபத்து அதிகம். கருவி வைத்தபின் இயல்பான விறைப்புக்குத் திரும்ப முடியாது என்பதால் மனைவியோடு சேர்ந்து டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, சர்க்கரைக்காரர்களுக்கு இந்தக் குறை இதய ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். ஆபரேஷன் தேதி வாங்குவதற்கு முன் இதய டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.