பாஸ் கட்சி ஏன் எந்தக் கூட்டணியிலும் நிலைப்பதில்லை?

மலேசியாவின் இஸ்லாமியக் கட்சியான பாஸ் பதவிக்காகத்தான் அணி மாறுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதவியும் ஒரு காரணம்தான். ஆனால் எனக்குத் தெரிந்தவரை, எல்லாமே மலாய்க்காரர்களின் பெரிய கட்சியான அம்னோவில் தொடங்கி அம்னோவிலேயே வந்து முடிகிறது.

பாஸ் பிறந்ததே அம்னோவின் உலமா (மத அறிஞர்கள்) பிரிவிலிருந்துதான், 1951இல். மலாய் முஸ்லிம்களுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்பதில் அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. எழுபதுகளில் பாஸ் அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக் கூட்டணியில் சேர்ந்தது. 1977இல் பாஸின் கோட்டையான கிளந்தான் மாநிலத்தில் நெருக்கடி வெடித்தது, கட்சி வெளியேற்றப்பட்டது. அடுத்த ஆண்டே கிளந்தான் கைவிட்டுப் போனது. அதை மீட்க 12 ஆண்டுகள் ஆயின. அந்தக் காயத்தின் ஆழம் எண்பதுகளில் தெரிந்தது: ஒரே கம்பத்தில் (கிராமத்தில்) அம்னோக்கார இமாமுக்குப் பின்னால் தொழ மாட்டோம் என்று பாஸ்காரர்கள் தனியாகத் தொழுத இடங்கள் உண்டு.

கிளந்தானின் மந்திரி பெசாராக (மாநில முதல்வராக) இருந்த பாஸ் தலைவர் நிக் அசிஸ் அதை மறக்கவேயில்லை. 2008க்குப் பிறகு கட்சிக்குள் சிலர் அம்னோவோடு ஒற்றுமை பேசியபோதெல்லாம் அவர்தான் குறுக்கே நின்றார். அந்த 2008 தேர்தலில்தான் ஷா ஆலாமில் என் அம்மா முதன்முதலாக பாஸின் நிலா சின்னத்துக்கு ஓட்டுப் போட்டார். மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராப் பேரணி முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பாஸ் வேட்பாளர் காலிட் சமாட் ஜெயித்தபோது எங்கள் வீட்டில் உண்மையாகவே சந்தோஷப்பட்டோம்.

பிப்ரவரி 2015இல் நிக் அசிஸ் காலமானார். ஜூன் மாதக் கட்சித் தேர்தலில் துணைத் தலைவராக இருந்த மாட் சாபுவின் அணியினர் தோற்றார்கள். ஹுடுட் எனும் இஸ்லாமியக் குற்றவியல் சட்ட விவகாரத்தில் ஏற்கனவே முறுகியிருந்த ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) உறவும் அதே மாதம் அறுந்தது, இரண்டும் சேர்ந்திருந்த எதிரணியான மக்கள் கூட்டணியும் அதோடு முடிந்தது. தோற்றவர்கள் செப்டம்பரில் அமானா கட்சியைத் தொடங்கினார்கள். காலிட் சமாட்டும் அங்கே போனார். எனக்கு மிகவும் வலித்த பிளவு இதுதான். கட்சிக் கூட்டணி உடைவது வேறு, முப்பது வருடம் ஒரே மேடையில் நின்றவர்கள் முகம் திருப்பிக்கொள்வது வேறு.

அப்புறம் 2019இல் பாஸும் அம்னோவும் கைகோத்தன. அதுவும் நிலைக்கவில்லை. 2022 தேர்தலில் எதிரெதிராக நின்றன. பாஸ் 43 இடங்களோடு நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியானது. அம்னோவோ ஜசெகவோடும் அமானாவோடும் சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்தது. அம்மா அதற்கு முன்பே நிலாவை விட்டுவிட்டார்.