துப்பாக்கியைக் கடையில் வாங்குவதா, ஆன்லைனில் வாங்குவதா?

கேள்வி கேட்டவர் டெக்சஸில் இருக்கிறார். சமீபத்தில் கிரீன் கார்டு வந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்த பிறகு வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்று கணவனும் மனைவியும் யோசிக்கிறார்கள். ஆன்லைனில் அறுபது எழுபது டாலர் குறைவாகக் கிடைக்கும்போது ஊர்க் கடைக்குப் போய் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

நான் டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இரண்டு வழியிலும் வாங்கியிருக்கிறேன். இது உங்கள் முதல் துப்பாக்கி என்பதால் கடைக்கே போங்கள். ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பலரும் நினைப்பது போல ஆன்லைனில் வாங்கிய துப்பாக்கி மிக்ஸி மாதிரி வீட்டு வாசலில் வந்து இறங்காது. இணையத்தில் பணம் கட்டலாம், அவ்வளவுதான். விற்பவர் அதை உங்கள் ஊரில் மத்திய அரசு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு கடைக்கு அனுப்புவார். எஃப்.எஃப்.எல் என்று எல்லோரும் சொல்வது அந்த லைசென்ஸைத்தான். நீங்கள் அந்தக் கடைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ நடத்தும் 'நிக்ஸ்' என்ற பின்னணிச் சோதனைக்கு உங்கள் விவரத்தை அனுப்புவார். 'புரொசீட்' என்று பதில் வந்தால் துப்பாக்கி உங்கள் கைக்கு வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும். 'டிலேட்' என்று வந்தால் மூன்று வேலை நாள் காத்திருக்க நேரலாம். 'டினைட்' என்றால் இல்லை. ஊர்க் கடையில் நேரடியாக வாங்கினாலும் இதே படிவம், இதே சோதனைதான். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு கடைக்காரரின் மேஜை முன்னால்தான் போய் நிற்கப்போகிறீர்கள்.

இந்த ஏற்பாடு வந்ததற்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் டாலஸ் டீலி பிளாசாவுக்குக் கூட்டிப் போவோம். அப்பா வந்தபோதும் போனோம். சாலையில் அதிபர் கென்னடி சுடப்பட்ட இடத்தில் போட்டிருக்கும் பெருக்கல் குறியைப் பார்த்துவிட்டு, ஆறாம் தளத்து மியூசியத்துக்குள் போய் ஜன்னலோரம் நின்றவர், "சுட்டவனுக்கு லைசென்ஸ் யார் கொடுத்தது?" என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. 1963 மார்ச்சில், கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட் ஒரு பத்திரிகை விளம்பரத்தோடு இருந்த கூப்பனை நிரப்பி, 'ஏ. ஹைடெல்' என்ற பொய்ப் பெயரில் சிகாகோ கடை ஒன்றுக்கு அனுப்பினார். தொலைநோக்கி பொருத்திய பழைய இத்தாலிய ரைஃபிள், விலை 19 டாலர் 95 சென்ட். தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட். டாலஸ் தபால் பெட்டிக்கு அது பார்சலாக வந்து சேர்ந்தது. விற்றவர் வாங்கியவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ஆனது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்த வருடம் அக்டோபரில்தான் தபாலில் துப்பாக்கி வாங்குவதை நிறுத்திய சட்டம் வந்தது. இன்று நீங்கள் ஆன்லைனில் வாங்குவது கடை வழியாகச் சுற்றி வருவதற்குக் காரணம் அந்தச் சட்டம். நிக்ஸ் சோதனை இன்னும் பிந்தியது. 1993-ல் பிரேடி சட்டம் வந்து, அதன்படி 1998 நவம்பரில் அந்தச் சோதனை நடைமுறைக்கு வந்தது.

அப்பா லைசென்ஸ் பற்றிக் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. என் பெரிய மாமா சிறுமலையில் தோட்டம் வைத்திருந்தார். காட்டுப்பன்றித் தொல்லைக்காக ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதற்கு லைசென்ஸ் வாங்க எத்தனையோ முறை கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வருவார். நம் ஊரில் கட்டுப்பாடெல்லாம் வாங்குபவரின் லைசென்ஸில் இருக்கிறது. இல்லினாய் போன்ற சில மாநிலங்களில் வாங்குபவருக்கும் அட்டை வேண்டும், ஆனால் டெக்சஸில் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்த லைசென்ஸும் தேவையில்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர் கடைக்காரர்தான். உங்களுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நிற்கும் ஒரே ஆளும் அவர்தான். அதனால்தான் நல்ல கடைக்காரராகத் தேடிப் பிடியுங்கள் என்கிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம். என் முதல் கைத்துப்பாக்கியை நானும் ஆன்லைனில்தான் வாங்கினேன். கடையில் 549 டாலர், இணையத்தில் 489. அறுபது டாலர் மிச்சம் என்று நினைத்தேன். கார்டில் கட்டியதற்கு 3 சதவீதம், ஏறக்குறைய 15 டாலர். விற்பனை வரி அங்கேயும் போட்டார்கள். வந்ததை வாங்கி என் பெயருக்கு மாற்றித் தர ஊர்க் கடையில் டிரான்ஸ்ஃபர் கட்டணம் 35 டாலர். கூட்டிப் பார்த்தால் 579. கடையில் வரியோடு 594 வந்திருக்கும். ஆக, பதினைந்து டாலர் மிச்சம். அதற்கு ஒன்பது நாள் காத்திருந்தேன்.

அந்த ஒன்பது நாளைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. துப்பாக்கி வந்த பிறகு நடந்ததுதான் வருத்தம். என் மனைவியால் அதன் ஸ்லைடை, அதாவது மேலே நகரும் பாகத்தை, பின்னால் இழுக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பாதி இழுப்பாள், ஸ்பிரிங் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிடும். கிரிப்பும் தடிமன். சரியாகப் பிடித்தால் ஆள்காட்டி விரலின் நுனிதான் டிரிக்கரைத் தொட்டது. யார் வீட்டில் தனியாக இருக்கும்போது வேண்டும் என்று வாங்கினோமோ அவளுக்கே அது உதவவில்லை. படத்தையும் நட்சத்திர மதிப்பீட்டையும் பார்த்து வாங்கினால் இது தெரியாது. திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், 4473-ல் கையெழுத்துப் போட்டுக் கையில் வாங்கிய நிமிடமே அது பழைய துப்பாக்கி. ஒரு குண்டுகூடச் சுட்டிருக்க வேண்டாம். 330 டாலருக்குத்தான் அதை விற்க முடிந்தது.

இரண்டாவது முறை இருவரும் கடைக்கே போனோம். சின்னக் கடை, பின்னால் சுடும் பயிற்சித் தளம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "கையைக் காட்டுங்கள்" என்று என் மனைவியிடம் கேட்டார். உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். குண்டுகள் அடுக்கும் மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஸ்லைடை இழுத்துப் பூட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, அதோடு நில்லாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "நான் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். யார் கொடுத்தாலும், ஒரு நொடி முன்னால் பார்த்திருந்தாலும், மறுபடி பாருங்கள்" என்றார். அவர் சொல்லிக் கொடுத்த அந்தப் பழக்கம் இன்றுவரை எங்கள் வீட்டில் இருக்கிறது. வாடகைக்கு மூன்று துப்பாக்கிகளைக் கொடுத்து உள்ளே சுட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்றாவதை அவள் சிரமமில்லாமல் இழுத்தாள். அதையே வாங்கினோம். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று அவரே கேட்டு, சுவரில் திருகி வைக்கும் சின்னப் பெட்டகத்தை எப்படிப் பொருத்துவது என்றும் விளக்கினார். கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டு கொடுக்க வேண்டும் என்று 2005-லேயே சட்டம் வந்துவிட்டது, எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். அதை எப்படி மாட்டுவது என்று உட்கார்ந்து காட்டுகிற கடை எல்லா இடத்திலும் இல்லை.

அந்த மேஜைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2009-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த மாநிலத்துக் கடைக்காரர்களும் தற்கொலைத் தடுப்பில் வேலை செய்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, மனம் உடைந்து வருகிறவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படி விற்காமல் பேசி அனுப்புவது என்று ஒரு திட்டம் வகுத்தார்கள். அது பிற மாநிலங்களுக்கும் பரவியது. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். நிக்ஸ் கணினிக்கு ஒருவரின் குற்றப் பதிவு தெரியும், அன்று காலை அவர் அழுதாரா என்பது தெரியாது. அது எதிரில் நிற்கும் மனிதர் பார்த்தால்தான் தெரியும். நம் பெரியவரும் ஒருமுறை ஓர் இளைஞனுக்கு விற்க மறுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, அண்ணன் வந்து கூட்டிப் போகும்வரை பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் என்றால், தயவுசெய்து இப்போது எந்த வழியிலும் வாங்காதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

நடுவில் அப்படி ஒரு கடைக்காரர் இல்லை என்பதால்தான் தனி ஆட்கள் ஆன்லைனில் விளம்பரம் போட்டு, 'பார்க்கிங் லாட்டில் சந்திக்கலாம்' என்று விற்பதன் பக்கம் போகாதீர்கள் என்கிறேன். ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரண்டு தனி நபர்களுக்கு இடையே நடக்கும் விற்பனைக்கு மத்திய சட்டம் சோதனை கேட்பதில்லை. டெக்சஸும் கேட்பதில்லை. சில மாநிலங்கள் கேட்கின்றன. சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். திருட்டுத் துப்பாக்கியா, எங்கேயாவது வழக்கில் சம்பந்தப்பட்டதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவரிடம் வாங்கினால்கூட இருவரும் ஒரு கடைக்குப் போய், கட்டணத்தைக் கட்டி, படிவம் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். நான் என் பழைய துப்பாக்கியை அப்படித்தான் விற்றேன்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் வாங்கலாம். எச்-1பி-யில் இருக்கும் நண்பருக்கு அப்படி இல்லை. அந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ பொதுவாக மத்திய சட்டத்தில் தடை. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்கும் முன் வக்கீலைப் பார்ப்பது நல்லது, விசா சம்பந்தப்பட்ட விஷயம். "மச்சி, உன் பெயரில் ஒன்று வாங்கிக் கொடு, பணம் நான் தருகிறேன்" என்று யாராவது கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்று 4473 நேராகவே கேட்கிறது. அதில் பொய் சொல்வது மத்தியக் குற்றம். 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வாங்கத் தடை உள்ளவருக்காக இப்படி வாங்கினால் பதினைந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம். கிரீன் கார்டும் போகும் நிலை வரலாம். என்னிடமும் கேட்டார்கள், முடியாது என்றேன். கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

ஆன்லைனே வேண்டாம் என்று சொல்லவில்லை. எது வேண்டும் என்று கை அறிந்த பிறகு அது நல்ல வழி. இடது கைக்காரர்களுக்கான ரைஃபிள், இப்போது தயாரிக்காத மாடல், ஊரில் ஸ்டாக் இல்லாதது, இதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். ஆர்டர் போடும் முன் ஊர்க் கடைக்கு ஒரு போன் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் செய்வார்களா, எவ்வளவு, விற்பவருக்கு லைசென்ஸ் நகலை அனுப்புவார்களா என்று கேளுங்கள். சில கடைகள் தங்களிடமே ஸ்டாக் இருக்கும் பொருளுக்கு அதிகம் கேட்பார்கள். பெட்டி வந்ததும் கையெழுத்துப் போடும் முன் திறந்து பாருங்கள். கீறல், துரு, ஆர்டர் போட்டதுதானா, எல்லாவற்றையும் அந்த மேஜையிலேயே பார்த்துவிடுங்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்ப அதுதான் நேரம். பழைய துப்பாக்கி என்றால் குழலுக்குள் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

போலித் தளங்களும் நிறைய. பெயர் பெற்ற கடையின் பெயரையும் படங்களையும் அப்படியே எடுத்துப் போட்டு, பாதி விலை சொல்லி, 'ஜெல்' (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையிலோ கிரிப்டோவிலோ மட்டும் பணம் அனுப்பச் சொல்வார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் 400 டாலரை இப்படி இழந்தார். கார்டில் பணம் வாங்காத தளத்தில் வாங்கவே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது கிரீன் கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், அதன் எண் படிவத்தில் எழுத வேண்டும். டிரைவர் லைசென்ஸில் இப்போதைய வீட்டு முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் வீடு மாறி மாற்றாமல் விட்டிருந்தேன். காரின் பதிவுச் சான்றில் புது முகவரி இருந்ததால் அதை எடுத்துவர வீட்டுக்கு ஒரு நடை ஓட வேண்டியதாகிவிட்டது.