ஆராய்ச்சி நாட்களை எழுதி வைக்கலாமா அக்கா?

கேள்வி: அக்கா, எம்.ஏ. முடிச்சுட்டு இலக்கியத்துல பிஎச்.டி. பண்றேன், ஒன்றரை வருஷம் ஓடிடுச்சு. நாள் பூரா படிக்கிறேன், ஆனா வீட்ல "இன்னைக்கு என்ன பண்ணே"ன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணும் இருக்க மாட்டேங்குது. இந்த நாட்களை எழுதி வைக்கணும்னு ஆசையா இருக்கு. "அந்த நேரத்துல ஒரு இயல் எழுதியிருக்கலாமே"ன்னு கைடு சொல்லிடுவாரோன்னு பயமாவும் இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: அன்புத் தங்கைக்கு, தாராளமா எழுதுங்க, இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிங்க. லேப்ல வேலை பண்றவங்களுக்குக் காட்ட ஒரு கருவியாவது இருக்கும், நமக்கு வெளியில தெரியுறதெல்லாம் புத்தகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுதான், அதனால நாம எழுதலைன்னா அந்த நாள் நமக்கே இல்லாமப் போயிடும்மா.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு சிறுகதையில இருந்து ஒரே ஒரு வரியைத் துண்டுச் சீட்டுல எழுதி வெச்சிருந்தேன், பக்க எண் கிடையாது, எந்தப் பதிப்புன்னும் இல்ல. ரெண்டாவது இயல்ல அதை மேற்கோளாப் போட்டதும் கைடு ஓரத்துல "எங்கிருந்து?"ன்னு எழுதிக் கொடுத்துட்டார். தொகுப்பை எடுத்து நாலு நாள் புரட்டுறேன், அந்தக் கதை இருக்கு, அந்த வரி மட்டும் இல்ல! நாமளே கற்பனையா எழுதிட்டோமோன்னு என் மேலயே சந்தேகம் வந்து தூக்கமே போச்சு. அப்புறம் ஒரு தோழிக்கு அனுப்பாமலே வெச்சிருந்த ஒரு லெட்டர் கையில அகப்பட்டுச்சு, அதுல "இன்னைக்குப் பழைய பத்திரிகை பைண்டு வால்யூம் பார்த்தேன், தூசியில தும்மித் தும்மி கண்ணு சிவந்துடுச்சு, ஆனா அந்தக் கதை முதல்ல வந்த இதழ் கிடைச்சுடுச்சு"ன்னு தேதியோட எழுதியிருக்கேன். மறுநாள் அதே வால்யூமை எடுத்தேன், வரி அங்க இருந்துச்சு. புத்தகமாப் போடுறப்போ எழுத்தாளரே அதை வெட்டியிருக்கார். ஏன் வெட்டினார்ங்கிற கேள்விதான் என் மூணாவது இயலே ஆச்சு. கைடு சொன்ன மாதிரி எழுதின எந்த நோட்ஸும் அன்னைக்கு உதவல, தும்மலைப் பத்தி எழுதின லெட்டர்தான் உதவிச்சு.

ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் பழைய தமிழ் நூல்களைப் பதிப்பிச்ச உ.வே.சா.வையே பாருங்களேன். 1880ல சேலம் இராமசாமி முதலியார் அவர்கிட்ட, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டார், பதிப்பு அச்சுல வந்தது 1887ல. நடுவுல அந்த ஏழு வருஷம் பிரதி தேடினது, பிரதிக்குப் பிரதி வார்த்தை மாறுற பாடபேதம் பார்த்தது, சமண மரபு புரியாம ஜைனர்கள் கிட்டயே போய் உக்காந்து கேட்டுக்கிட்டது எல்லாம் இவ்வளவு விரிவா நமக்குத் தெரியுறது அவரே 'என் சரித்திரம்'னு 1940ல இருந்து ஆனந்த விகடன்ல எழுதினதாலதான். பதிப்பு எவ்வளவு பெருசோ, அந்த அலைச்சலும் எனக்கு அவ்வளவு பெருசுதான். அறுபது வருஷம் கழிச்சு எழுதுற ஞாபகம் நமக்கெல்லாம் இருக்காது, அதனால அன்னன்னிக்கே எழுதிடுங்க.

என்ன எழுதணும்னா, தேதி, எடுத்த புத்தகம், பதிப்பு, எந்தப் பக்கத்துல நின்னீங்க, எது இடறுச்சு. தேடிக் கிடைக்காததைக் கட்டாயம் எழுதுங்க, ஆறு மாசம் கழிச்சு அதே இடத்துல திரும்பத் தேடாம இருக்கலாம். பதினஞ்சு நிமிஷம் போதும். ஒண்ணுமே ஓடாத நாள்ல "இன்னைக்கு ஓடல"ன்னு ஒரு வரி எழுதுங்க, அப்படி ஒரு வாரம் சேர்ந்தா கைடு கிட்டப் போய்ப் பேசணும்னு உங்களுக்கே புரியும். நடையெல்லாம் பார்க்காதீங்க, ஆய்வேட்டுக்குத்தான் அந்த நடை, இங்க வீட்ல பேசுற மாதிரியே வரட்டும்.

அடுத்தவங்க படிக்கக் கொடுக்கிறதா இருந்தா மட்டும் கொஞ்சம் கவனம் வேணும். கட்டுரையா வராத உங்க முக்கியமான வாதத்தை முழுசா அதுல வைக்காதீங்க, கூடப் படிக்கிறவங்களோட சொந்த விஷயத்தை அவங்க சம்மதம் இல்லாம எழுதவே கூடாது. கைடு மேல வந்த கோபத்தையும் எழுதலாம், அதுக்குத் தனி நோட்டு போட்டு உங்களோடயே வெச்சுக்கோங்க. எழுதுறேன்னு அவர்கிட்ட நீங்களே முதல்ல சொல்லிடுங்க, வேற யார் மூலமாவோ தெரிஞ்சாத்தான் சங்கடம்.

கேள்வி: எனக்கு உயிரான நாவலையே ஆய்வுக்கு எடுத்தேன். அஞ்சாவது தடவை படிக்கிறேன், இப்போ பார்த்தாலே வெறுப்பா வருது. தப்பு பண்ணிட்டேனா?

பதில்: தப்பே இல்ல. ரெண்டு வாரம் அதைக் கண்ணுல படாத இடத்துல வெச்சுட்டு, ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத எதையாவது படிங்க. திரும்பி வர்றப்போ நடுவுல ஒரு அத்தியாயத்தை எடுத்து வாய்விட்டுப் படிங்க. நான் அப்படிப் படிச்சப்போதான், நான் ஆய்வுக்கு எடுத்த நாவல்ல வர்ற அம்மா பேசுறதெல்லாம் கேள்வியாவே இருக்கிறது காதுல விழுந்துச்சு, நாலு தடவை கண்ணால படிச்சும் தெரியல. அன்னைக்கே ஒரு தாளை எடுத்து அந்தக் கேள்விகளையெல்லாம் ஒண்ணு விடாம, பக்க எண்ணோட, எழுத ஆரம்பிச்சேன்.