சதுப்பை வடித்துவிட்டு மரம் நடலாமா?

நிலத்தின் ஒரு மூலையில் வருடம் முழுக்க ஈரமாகக் கிடக்கும் சதுப்பை வடித்து மரம் நட்டால் கார்பனும் கூடுதலாகச் சேரும், சதுப்பிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் நின்றுவிடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, வாய்க்கால் வெட்டுவதை முதலில் நிறுத்தி வையுங்கள்.

மண்வெட்டியை இறக்கிப் பாருங்கள். கறுகறுவென்று, அழுகிய முட்டை வாடையோடு, பாதி மக்கிய வேரும் தண்டும் கண்ணுக்குத் தெரிகிற மண் வந்தால் அதுதான் உங்கள் கார்பன் கையிருப்பு. தண்ணீர் நிற்பதால் ஆக்சிஜன் உள்ளே போவதில்லை, நுண்ணுயிரிகளால் முழுசாக மக்கவைக்க முடிவதில்லை, செடி காற்றிலிருந்து இழுத்த கார்பன் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. பீட் எனப்படும் கரிமண் சதுப்புகளில் இப்படி ஒரு மீட்டர் சேர ஏறத்தாழ ஆயிரம் வருடம் பிடிக்கும். உலக நிலப்பரப்பில் அவை சுமார் 3 சதவீதம்தான், ஆனால் எல்லாக் காட்டு மரங்களும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அங்கே இருக்கிறது. வடித்தால் காற்று புகுந்து அது கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பிவிடும், நீங்கள் நடும் கன்றுகள் அதை ஈடுகட்டுவது கஷ்டம்.

மீத்தேன் விஷயம் உண்மைதான், 100 வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட எடைக்கு எடை சுமார் 28 மடங்கு பூமியைச் சூடேற்றும். ஆனால் ஏறக்குறைய 12 வருடத்தில் சிதைந்துவிடும், கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். உப்புத்தண்ணீர்ச் சதுப்பென்றால் அந்தக் கவலையும் குறைவு, அந்தத் தண்ணீரில் உள்ள சல்பேட் என்ற உப்பு மீத்தேன் உருவாவதைத் தடுக்கும்.

பழைய வடிகால் ஏதும் இருந்தால் அடைத்து, நீர்மட்டம் தரைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி பாருங்கள். மரத்தை மேட்டுப்பகுதியில் நடுங்கள்.