கரியால் முதலை: கேளுங்கள், சொல்கிறேன்

அருள்: மூக்கு நுனியில் உருண்டையாக இருக்கிறதே, அது என்ன?

வளர்ந்த ஆணுக்கு மட்டும் வரும் குமிழ். இந்தியில் 'கரா' என்றால் பானை, பெயரே அதிலிருந்துதான். மூச்சு அதன் வழியாக வெளியேறும்போது, ஈரத்துணியைக் கல்லில் ஒரே அடி அடித்தது போலச் சத்தம் வரும்.

பிரியா: ஆளைத் தின்னுமா?

தின்னாது. அந்த ஒல்லித் தாடையும் நூற்றுக்கு மேற்பட்ட ஊசிப் பற்களும் மீன் பிடிக்கத்தான்.

கதிர்: குஞ்சுகளைத் தகப்பன் காக்குமாமே?

உண்மை. மார்ச், ஏப்ரலில் தாய் மணல்மேட்டில் 30 முதல் 50 முட்டை இடும். ஒவ்வொன்றும் 160 கிராம் வரை இருக்கும். ஜூனில், வெள்ளத்துக்கு முன் பொரிந்துவிட வேண்டும். ஒரே மேட்டில் பல தாய்கள் இடுவதால் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் ஒன்றாகத் திரியும். நடுவில் பெரிய ஆண் கிடக்கும். அதன் முதுகெல்லாம் குஞ்சுகள். வட இந்தியாவின் சம்பல் ஆற்றில் அதைப் பார்த்தபோது படகில் யாரும் பேசவில்லை.

ஆனால் மணலைக் கவனியுங்கள். வளர்ந்த கரியாலுக்கு உடம்பைத் தூக்கி நடக்கக் கால்வலு கிடையாது, வயிற்றால் நகர்ந்துதான் கரையேறும். லாரி மணலை அள்ளினால் கூடும் போச்சு, வெயில் காயும் இடமும் போச்சு.

முருகன்: 1975 முதல் பண்ணையில் வளர்த்து ஆயிரக்கணக்கில் விட்டார்களே, மீண்டுவிட்டதுதானே?

இல்லை. 2006-ல் இனப்பெருக்கம் செய்யும் வயதில் இருந்தவை இருநூறுக்கும் குறைவு. மறு வருடமே மிக அருகிய இனம் என்று அறிவித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் சம்பலில் நூற்றுக்கு மேல் செத்து ஒதுங்கின, சிறுநீரகம் கெட்டிருந்தது. பண்ணைக் குஞ்சை விட்டால் போதுமா? அணை கட்டி, வலை விரித்து, மணல் அள்ளிய ஆற்றில் அது எப்படிப் பிழைக்கும்?

முருகன்: அப்போ பண்ணையே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. பண்ணை இல்லையென்றால் அப்போதே அழிந்திருக்கும். ஆனால் ஒடிசாவில் மகாநதி பாயும் சட்கோசியா பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1970களிலிருந்து விட்டார்கள், 2021-ல்தான் மகாநதியில் இயற்கையாகக் குஞ்சு பொரித்தது. ஆறு சரியாக இருக்கும் சம்பலில்தான் இன்று பெரும்பாலானவை இருக்கின்றன.

ஷாஜகான்: மனிதனைக் கடிக்குமா?

பிரியாவுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தேவி: காவிரியில் உண்டா?

கிடையாது. அங்கிருப்பது சேற்று முதலை; அது ஆளைத் தாக்கும், குளிக்கும்போது கவனம். கரியாலைப் பார்க்க மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போங்கள்.

சதீஷ்: தாமிரபரணியில் ஒரு ஜோடி விடலாமா?

விடக்கூடாது. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, இவை போன்றவைதான் அதன் ஆறுகள். இருக்கும் மணலை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.